நாளையைப் பற்றி எண்ணத் துணிவோம்

"குறிக்கோள்" என்ற சொல்லைக் கேட்டதும் எம்மில் பலருக்குப் பாடசாலை மேடையும் பேச்சுப் போட்டியும்தான் நினைவுக்கு வரும். அது படித்தவர்களுக்கும் வசதி உள்ளவர்களுக்கும் உரியது, எமக்கு எதற்கு என்றே தோன்றும். கிராமங்களில் நடக்கும் வாழ்வாதாரப் பயிற்சிகளில் இதை அடிக்கடி காணலாம். பயிற்சி தரும் இளம் உத்தியோகத்தர் கேட்பார்: "அக்கா, இன்னும் அஞ்சு வருசத்தில நீங்கள் எப்பிடி இருக்க வேணும் எண்டு நினைக்கிறியள்?" பதில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "நாளைக்கு அடுப்பு எரிஞ்சாப் போதும் பிள்ளை. அஞ்சு வருசத்தை ஆர் கண்டது?" எல்லோரும் சிரிப்பார்கள். உத்தியோகத்தரும் அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார்.

அந்தப் பதிலைச் சிரித்துக் கடந்துவிடக் கூடாது. அதில் எமது வரலாறே இருக்கிறது. கட்டி முடித்த வீட்டில் ஒரு பொங்கல்கூடப் பொங்காமல் வெளியேறியவர்கள் நாம். நெல் விளைந்து நிற்க, அறுவடைக்கு முன் ஊரை விட்டவர்கள் நாம். மகளுக்கென்று சேர்த்த நகையை ஒரு மூடை மாவுக்குக் கொடுத்தவர்களும் எம்மிடையே உள்ளனர். கிழக்கிலும் வடக்கிலும் கரையோரம் வாழ்ந்தவர்களுக்கு 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடலும் அதே பாடத்தைச் சொன்னது. திட்டமிட்டவை எல்லாம் பறிபோனால், திட்டமிடுவதையே மனம் கைவிட்டுவிடுகிறது. அதை யாரும் சோம்பல் என்று சொல்ல முடியாது. "இன்றைய பொழுதைக் கடப்போம்" என்ற அந்த மனநிலைதான் எம்மையும் எமது பிள்ளைகளையும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது. பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் வைத்த பையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிய காலத்துக்கு அது பொருத்தமான அறிவு.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. பை இன்னும் பலருடைய தலைமாட்டிலேயே இருக்கிறது. மனமும் அப்படியே இருக்கிறது. நாளையை எண்ணாத இந்த வழக்கம் இப்போது எம்மிடம் ஒரு விலையை வாங்குகிறது. அவசரத்துக்குக் கடன், அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன், சிறுபோகத்தில் வந்த காசு பெரும்போகத்துக்கு முன் கரைந்துபோவது, பிள்ளையின் படிப்பு சாதாரணதரத்தோடு நின்றுபோவது, உடலில் தெரியும் கட்டியை "பிறகு பாப்பம்" என்று தள்ளிப்போடுவது என்று அந்த விலை பல உருவங்களில் வருகிறது. ஆகவே நாளையைப் பற்றி எண்ணும் பழக்கத்தை நாம் மீண்டும் சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியுள்ளது.

முடிவெடுக்கும் பொறுப்பு எமது கையில்

வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 89,000 விதவைகள் இருப்பதாக 2010 இல் அரசாங்கத் தரப்பு தெரிவித்தது. இவர்களில் 49,000 பேர் கிழக்கிலும் 40,000 பேர் வடக்கிலும் இருப்பதாகக் கூறப்பட்டது. காணாமற்போன கணவருக்காகக் காத்திருப்பவர்கள், அங்கவீனமுற்ற கணவரைப் பராமரிப்பவர்கள், கைவிடப்பட்டவர்கள் எல்லோரையும் சேர்த்தால் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களின் தொகை இன்னும் கூடும்.

இந்தப் பெண்களில் பலர், முன்பு வீட்டுக் கணக்கைக்கூடக் கையில் எடுத்திராதவர்கள். வங்கிப் படிவம் நிரப்புவது, காணி உறுதி தேடி அலைவது, பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது என்று தீர்மானிப்பது எல்லாம் ஒரே நாளில் அவர்கள் தலையில் விழுந்தன. அவற்றை அவர்கள் செய்தும் முடித்தார்கள். "எனக்குத் திட்டமிடத் தெரியாது" என்று சொல்லும் சகோதரி, தான் இதுவரை செய்து முடித்த காரியங்களை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். அந்தப் பட்டியலே அவருக்குப் பதில் சொல்லும்.

இன்னொரு தயக்கமும் உண்டு. அதை வெளியே சொல்வது கடினம். கணவரோ மகனோ காணாமற்போயிருக்கும் வீட்டில், எதிர்காலம் பற்றி எண்ணுவதே துரோகம் போலத் தோன்றும். "அவர் வரட்டும், பிறகு பாப்பம்" என்று வீட்டின் கதவு நிலைகூடப் போடாமல் இருப்பவர்கள் உள்ளனர். சகோதரிகளே, காத்திருப்பதும் வாழ்வதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. திரும்பி வருபவருக்குக் கூரை போட்ட வீடும் படித்த பிள்ளையும் இருப்பது அவருக்குச் செய்யும் மரியாதைதான். சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. ஒருவரை இறந்தவராகப் பதியாமலே, அவர் காணாமற்போயிருக்கிறார் என்பதற்கான சான்றிதழைப் பெற 2016 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழி செய்தது. காணி, வங்கி, பாடசாலை சம்பந்தமான அலுவல்களுக்கு அது உதவும். அதைப் பெறுவதால் அவரைத் தேடும் உரிமை போய்விடாது.

ஆசையும் குறிக்கோளும்

"என்ரை பிள்ளையள் நல்லாயிருக்க வேணும்." இது ஆசை. எல்லாத் தாய்மாருக்கும் உள்ளது. ஆனால் நாளைக் காலை எழுந்ததும் என்ன செய்யவேண்டும் என்பதை இந்த ஆசை எமக்குச் சொல்வதில்லை. ஆசையைக் குறிக்கோளாக மாற்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, என்ன, எவ்வளவு? "காசு சேர்க்க வேணும்" என்பது போதாது. "தையல் மெசின் வாங்க 18,000 ரூபா சேர்க்க வேணும்" என்றால் கணக்குத் தெரிகிறது.

இரண்டாவது, எப்போது? "வாற வருசம்" என்பது ஓடிக்கொண்டே இருக்கும். "அடுத்த தைப்பொங்கலுக்கு முன்" என்றால் நாள் தெரிகிறது. ஒரு நாளைக்கு 50 ரூபா எடுத்துவைத்தால் மாதம் 1,500 ரூபா. பன்னிரண்டு மாதத்தில் 18,000 ரூபா. ஆசை இப்போது நாளாந்த வேலையாக மாறிவிட்டது. 50 ரூபா முடியாது, 20 ரூபாதான் முடியும் என்றால் மாதம் 600 ரூபா. அதே தொகைக்கு இரண்டரை வருடம் செல்லும். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மைதான். தெரிந்தால் வேறு வழியை யோசிக்கலாம், அல்லது சிறிய குறிக்கோளை எடுக்கலாம்.

மூன்றாவது, இது என் கையில் உள்ளதா? இதுதான் மிக முக்கியமானது. வீட்டுத்திட்டத்தில் பெயர் வருவது, படையினர் வசமுள்ள காணி விடுபடுவது, மகளின் பரீட்சைப் பெறுபேறு ஆகியவை எமது கையில் முழுமையாக இல்லை. அவற்றையே குறிக்கோளாக வைத்தால், அவை நடக்காதபோது "என்னால ஒண்டும் ஏலாது" என்ற எண்ணம்தான் மிஞ்சும். விண்ணப்பத்தை இந்தக் கிழமைக்குள் எழுதிக் கொடுப்பது, அதன் பிரதி ஒன்றை வைத்திருப்பது, மாதத்தில் ஒருமுறை பிரதேச செயலகத்துக்குச் சென்று விசாரிப்பது, மகள் படிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்துவது ஆகியவை எமது கையில் உள்ளவை. இவற்றைக் குறிக்கோளாக வைக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு குறிக்கோள் போதும். வருடப் பிறப்பன்று பத்தை எழுதிச் சித்திரை முடிவதற்குள் பத்தையும் விடுவதைவிட, ஒன்றை எழுதி அதை முடிப்பது மேல். முடித்த ஒன்று, அடுத்ததைத் தொடங்கும் துணிவைத் தரும்.

பிடியரிசி சொல்லும் பாடம்

குறிக்கோள் வருடத்துக்கு ஒருமுறை எழுதப்படுவது. அதை நிறைவேற்றுவதோ அன்றாடம் செய்யும் பழக்கம். நல்ல பழக்கத்தை எப்படி உண்டாக்குவது என்பதை எமது பாட்டிமார் அறிந்திருந்தார்கள். உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போடுவார்கள். கோயிலுக்கோ, பொதுக் காரியத்துக்கோ, பஞ்ச காலத்துக்கோ அந்த அரிசி உதவும். ஒரு பிடி ஐம்பது கிராம் என்று வைத்தாலும் மாதத்தில் ஒன்றரைக் கிலோ சேர்ந்துவிடும்.

இந்த வழக்கத்தில் மூன்று நுட்பங்கள் உள்ளன. தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு அது இணைக்கப்பட்டிருந்தது. அரிசி அளக்காத நாளில்லை, ஆகவே பிடியரிசியை மறக்கும் நாளுமில்லை. அளவு மிகச் சிறியது. ஒரு பிடி குறைந்தால் யாருடைய வயிறும் காயாது. சமைத்து மிஞ்சுவதை எடுத்துவைக்காமல், சமைக்க முன்பே எடுத்துவைத்தார்கள். மிஞ்சட்டும் என்று காத்திருந்தால் ஒருநாளும் மிஞ்சாது.

இன்று ஆய்வாளர்கள் சொல்வதும் இதற்கு நெருக்கமாகவே உள்ளது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் அவரது குழுவினரும் 96 பேரை 12 வாரங்கள் அவதானித்து, 2010 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு குவளை தண்ணீர் குடிப்பது போன்ற ஒரு சிறு செயலை ஒவ்வொருவரும் தெரிவுசெய்து, தினமும் அதே வேளையில் செய்தார்கள். யோசிக்காமல் தானாகவே அதைச் செய்யும் நிலை வர ஒருவருக்கு 18 நாட்களும் இன்னொருவருக்கு 254 நாட்களும் எடுக்கும் என்று கணக்கிடப்பட்டது. நடுவான அளவு 66 நாட்கள். "இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும்" என்று சொல்லப்படுவதை நம்பி, இருபத்திரண்டாம் நாள் மனம் சோர வேண்டாம். அந்த ஆய்வில் இன்னொரு ஆறுதலான செய்தியும் உண்டு. இடையில் ஒருநாள் தவறவிட்டதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. மறுநாள் மீண்டும் செய்தால் போதும்.

பனங்கிழங்குப் பாத்தியைப் பாருங்கள். விதை போட்டு மண் மூடிய பின் கிழங்கு முற்றச் சில மாதங்கள் செல்லும். அதுவரை மேலே பார்ப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. அவசரப்பட்டுக் கிண்டினால் வேர்தான் கிடைக்கும். பழக்கமும் அப்படித்தான்.

எங்கே, எப்போது என்று எழுதுங்கள்

1997 இல் பிரித்தானியாவில் பெண்களிடையே நடந்த இன்னொரு ஆய்வு வெளியானது. மார்பகத்தைத் தாமே பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று உறுதியாக எண்ணியிருந்த பெண்களில் ஒரு பகுதியினரிடம், அதை எங்கே, எந்த நேரத்தில் செய்வீர்கள் என்று எழுதும்படி கேட்டார்கள். மற்றவர்களிடம் அப்படிக் கேட்கவில்லை. ஒரு மாதத்தின் பின் பார்த்தபோது, எழுதியவர்கள் அனைவரும் செய்திருந்தார்கள். எழுதாதவர்களில் 53 வீதமானோரே செய்திருந்தார்கள். இரு பகுதியினருக்கும் எண்ணம் ஒன்றுதான். இடமும் நேரமும் எழுதப்பட்டதே வித்தியாசம்.

ஆகவே எமது குறிக்கோளின் கீழே ஒரு வசனத்தைச் சேர்ப்போம். "இதைச் செய்து முடித்த உடனே, அதைச் செய்வேன்" என்ற அமைப்பில் அது இருக்கட்டும். சில உதாரணங்கள்:

"இடியப்பம் குடுத்துக் காசு வாங்கினவுடனே, அடுப்படிக்குப் போக முதல் 50 ரூபாவை உண்டியலில் போடுவன்."

"இரவு சாப்பாட்டுக் கோப்பை கழுவினவுடனே, விளக்கடியில இருந்து அண்டைய வரவு செலவை எழுதுவன்."

"மகன் பள்ளிக்கூடத்தால வந்து சாப்பிட்டு முடிஞ்சவுடனே, கால் மணித்தியாலம் பக்கத்தில இருந்து அவன்ரை கொப்பியைப் பாப்பன்." எழுத்தறிவு குறைந்த தாயும் இதைச் செய்யலாம். "இண்டைக்கு என்ன படிச்சனி, எனக்குச் சொல்லு" என்று கேட்டால் போதும். சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்குப் பாடம் மனதில் பதியும்.

"விடிய முற்றம் கூட்டினவுடனே, கத்தரிக்கும் மிளகாய்க்கும் தண்ணி ஊத்துவன்."

ஒரு 40 பக்கக் கொப்பி இதற்குப் போதும். எழுதத் தெரியாவிட்டால் சுவர் நாட்காட்டியில் செய்த நாளுக்கு ஒரு புள்ளடி போடலாம். மாத முடிவில் புள்ளடிகளை எண்ணிப் பார்க்கும்போது மனதில் ஏற்படும் திருப்தி சிறியதல்ல.

கடன் பற்றிய ஒரு கணக்கு

எமது பகுதிகளில் பல பெண்களுக்கு முதல் குறிக்கோளாக இருக்க வேண்டியது சேமிப்பைவிடக் கடனிலிருந்து வெளியேறுவதுதான். யுத்தத்தின் பின் நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு வாசலுக்கே வந்தன. பலருக்கு அது உதவியது. பலருக்கு அது சுருக்காகியது. கிழமைக் கட்டணம் கட்டும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒளிந்திருக்கும் நிலைக்குப் பெண்கள் தள்ளப்பட்டார்கள். 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்று நிலுவையில் இருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்குப் பிரச்சினை முற்றியிருந்தது. 2022 பொருளாதார நெருக்கடி நிலைமையை மேலும் கடினமாக்கியது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 60,000 ரூபா கடன். "வருடத்துக்கு 24 வீத வட்டிதான்" என்கிறார்கள். வட்டி 14,400 ரூபா. மொத்தம் 74,400 ரூபாவை 52 கிழமைகளில் கட்டினால் கிழமைக்கு ஏறத்தாழ 1,430 ரூபா. ஆறு மாதம் கழிய, முதலில் பாதியளவைத் திருப்பிக் கட்டிவிடுகிறோம். ஆனால் வட்டி மட்டும் முழு 60,000 ரூபாவுக்கும் கணக்கிடப்படுகிறது. எமது கையில் உண்மையாக இருக்கும் தொகைக்குப் பார்த்தால், வட்டி வீதம் நாற்பதைத் தாண்டும். ஆகவே கையொப்பம் வைக்க முன்பு, "குறைஞ்சு போற மிச்சத்துக்கு வட்டியா, முழுத் தொகைக்கும் வட்டியா?" என்று கேட்கும் பழக்கம் எமக்கு வேண்டும். பதில் தெளிவாக வராவிட்டால் கையொப்பம் வைக்கக் கூடாது. மற்றவருக்காகப் பிணை நிற்கும்போதும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

ஏற்கனவே கடனில் இருப்பவர்கள், எல்லாக் கடன்களையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எப்போது முடியும் என்று நான்கு கோடு கீறினால் போதும். பயத்தில் பாராமல் விட்ட தொகையை எழுதிப் பார்க்கும்போது அது பெரும்பாலும் நாம் நினைத்த பூதமாக இருக்காது. சில வேளைகளில் நினைத்ததைவிடக் கூடவும் இருக்கலாம். எப்படியாயினும், "ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பதில்லை" என்பதையே முதல் வருடத்தின் குறிக்கோளாக வையுங்கள். அதிக வட்டியுள்ளதை முதலில் குறையுங்கள். அஸ்வெசும கொடுப்பனவு கிடைப்பவர்கள், அது வங்கிக்கு வரும் நாளிலேயே அதிலிருந்து ஒரு சிறு பகுதியைப் பிடியரிசி போல ஒதுக்கலாம்.

உடலையும் மனதையும் மறக்க வேண்டாம்

எமது பெண்களின் குறிக்கோள் பட்டியலில் பிள்ளை இருக்கும், வீடு இருக்கும், மாடு கோழி இருக்கும். தன்னுடைய பெயர் இருக்காது. கடைசியாகச் சாப்பிடுவது, மிஞ்சியதைச் சாப்பிடுவது, காய்ச்சலோடு கூலிக்குப் போவது என்பதெல்லாம் தியாகமாகவே பார்க்கப்படுகின்றன. குடும்பம் ஒருவரை மட்டுமே நம்பியிருக்கும்போது, அந்த ஒருவர் படுத்துவிட்டால் எல்லாமே படுத்துவிடும். ஆகவே தன் உடலைப் பார்ப்பதும் பிள்ளைகளைப் பார்ப்பதன் ஒரு பகுதிதான்.

35 வயதைக் கடந்த பெண்களுக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் ஊடாகக் கிளினிக்குகள் நடத்தப்படுகின்றன. அங்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றிய பரிசோதனைகளை இலவசமாகச் செய்துகொள்ளலாம். எந்த நாளில் நடக்கிறது என்பதை உங்கள் பகுதிக் குடும்பநல மாது சொல்வார். "நோ ஒண்டும் இல்லையே, ஏன் போக வேணும்?" என்று கேட்காதீர்கள். நோ வர முன் போவதற்காகத்தான் அந்தக் கிளினிக். உடலில் இன்னும் குண்டுச் சிதறல் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதத்திலும் கார்த்திகையிலும் டிசம்பரிலும் எமது ஊர்களில் பலருக்கு நித்திரை வராது. கை வேலை ஓடாது. அந்த நாட்களில் கொப்பியில் புள்ளடி விழாமல் போகலாம். அதற்காக "நான் தோற்றுப்போனேன்" என்று எண்ண வேண்டாம். நினைவுகூர்வதும் செய்ய வேண்டிய ஒரு வேலைதான். விளக்கேற்றுங்கள், அழுங்கள், அயலவரோடு இருங்கள். அது முடிந்த பின் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். நித்திரையின்மையும் சோர்வும் கிழமைக்கணக்கில் நீடித்தால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் கதைக்கலாம். வீட்டிலோ வெளியிலோ வன்முறைக்கு முகங்கொடுப்பவர்கள் பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

தடைகளை முன்பே எழுதி வைப்போம்

நல்ல பழக்கங்கள் பெரும்பாலும் முறிவது எதிர்பாராத நாட்களில்தான். ஆனால் எதிர்பாராதவை என்று நாம் சொல்லும் பலவற்றை உண்மையில் எதிர்பார்க்கலாம். மாரி மழை வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், சாமத்தியச் சடங்கு அழைப்பு வரும், அண்ணன் வந்து "ஒரு ஐயாயிரம் தா" என்று கேட்பார். இவற்றுக்கும் ஒரு வசனத்தை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தி வைக்கலாம்.

"மழை பெய்து கூலி வேலை இல்லையெண்டால், அண்டைக்கு 50 ரூபாவுக்குப் பதிலா 5 ரூபா போடுவன்." அளவு குறையலாம், பழக்கம் அறக்கூடாது.

"அண்ணன் காசு கேட்டால், காசு சங்கத்தில கட்டியாச்சு அண்ணை, வருசம் முடியத்தான் எடுக்கலாம் எண்டு சொல்லுவன்." காசை வீட்டில் வைக்காமல் சங்கத்திலோ வங்கியிலோ வைப்பதன் இன்னொரு பயன் இது.

"சனம் ஏதும் கதைச்சால், சிரிச்சுப்போட்டு என்ரை வேலையைப் பாப்பன்." தனித்து வாழும் பெண் சைக்கிளில் சந்தைக்குப் போனாலும் கதைப்பார்கள், போகாவிட்டாலும் கதைப்பார்கள். அவர்கள் பிள்ளையின் ரியூசன் காசைத் தரப்போவதில்லை.

தனியே நடப்பதைவிடக் கூடி நடப்பது

யாருக்கும் தெரியாமல் வைத்த குறிக்கோளை யாருக்கும் தெரியாமலே விட்டுவிடலாம். மூன்று அல்லது நான்கு பெண்கள் சேர்ந்து, கிழமையில் ஒருநாள் அரை மணித்தியாலம் ஒரு முற்றத்தில் கூடுங்கள். "போன கிழமை என்ன செய்தனாங்கள், வாற கிழமை என்ன செய்யப்போறம்" என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். யாரும் யாரையும் பேசக் கூடாது. செய்ய முடியாமல் போனவருக்கு, "என்ன தடுத்தது?" என்ற கேள்வி மட்டும் போதும்.

இது எமக்குப் புதிதல்ல. இலங்கையில் சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கங்களின் வரலாறு 1906 இல் தொடங்குகிறது. அயலவர்கள் தமது சிறு சேமிப்பை ஒன்றாக்கி, அதிலிருந்தே நியாயமான வட்டிக்குக் கடன் கொடுப்பதுதான் அவற்றின் அடிப்படை. வடக்கிலும் கிழக்கிலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இயங்குகின்றன. உங்கள் கிராமத்தில் சங்கம் உறங்கிக் கிடந்தால் அதை எழுப்புவதே ஒரு நல்ல குறிக்கோள். சீட்டுப் பிடிப்பவர்கள், கணக்கை ஒருவர் மட்டும் வைத்திருக்காமல் எல்லோரும் பார்க்கும் கொப்பியில் எழுதி, கட்டியவரிடம் கையொப்பம் வாங்குங்கள். நம்பிக்கை நல்லது. எழுத்து அந்த நம்பிக்கையைக் காக்கும்.

எல்லாம் எமது குற்றமல்ல

இறுதியாக ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நல்ல பழக்கம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பறிபோன காணியையும், காணாமற்போனவர் பற்றிய பதிலையும், நியாயமான கூலியையும் உண்டியலில் 50 ரூபா போட்டுப் பெற முடியாது. அவை எமது உரிமைகள். அவற்றைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி வீதியோரத்தில் தாய்மார் இருந்து போராடியதும் ஒரு குறிக்கோளின் வலிமைதான்.

ஆனால் உரிமைக்காக நீண்டகாலம் நிற்பதற்கும் உடலில் பலம் வேண்டும், கையில் சிறிது காசு வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும், பக்கத்தில் நான்கு பேர் வேண்டும். சிறு பழக்கங்கள் தருவது இவற்றைத்தான். கடன்காரருக்குப் பயந்து ஒளிந்திருக்கும் பெண்ணால் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க முடியாது. கடன் குறையக் குறைய அவரது குரல் உயரும்.

இந்த மாதம் செய்து பார்க்க

ஒரு கொப்பி வாங்குங்கள். முதற் பக்கத்தில் இதுவரை தனியே செய்து முடித்த ஐந்து காரியங்களை எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில், உங்கள் கையில் உள்ள ஒரே ஒரு குறிக்கோளைத் தொகையோடும் திகதியோடும் எழுதுங்கள். மூன்றாம் பக்கத்தில், அதற்காக தினமும் செய்யும் ஒரு சிறு வேலையை, எந்த வேலை முடிந்தவுடன் செய்வீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். நான்காம் பக்கத்தில், வரக்கூடிய இரண்டு தடைகளையும் அவற்றுக்கு என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு அந்தக் கொப்பியை நம்பிக்கையான ஒரு சகோதரியிடம் காட்டுங்கள். அவரையும் ஒரு கொப்பி வாங்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் பக்கத்திலிருந்து புள்ளடிகள் தொடங்கட்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு புள்ளடி போதும்.